ரேடியோ சூடாகும் வரை

சென்ற ஆடியில் நான்கு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்திருந்த காலை. கடை திறக்கப் புறப்பட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வெகுநாள் யோசித்து முடிவுக்கு வந்தவள் போல, "அந்த ரேடியோவக் கொண்டு போயிச் சரி பண்ணிட்டு வா கண்ணு" என்றாள்.

எந்த ரேடியோ என்று நான் கேட்கவில்லை. என் மனைவிதான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எந்த ரேடியோங்க அத்தை?" என்றாள்.

"பரண் மேல சாக்குல கட்டிக் கெடக்குதே, அது."

மனைவிக்குச் சந்தோஷம். ஊட்டியில் ஏதோ ஓட்டலில் அப்படி ஒரு மரப்பெட்டி ரேடியோவை வரவேற்பறையில் வைத்திருந்தார்களாம். நம் வீட்டிலும் முன்னறை அலமாரியில் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்றாள். நான் பொத்தானைத் தப்பான ஓட்டையில் மாட்டியிருந்தேன். கழற்றி மறுபடி மாட்டினேன். "பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன்.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கோத்தகிரி பக்கம் அரவேணுவில், எங்கள் வீட்டின் ரோட்டைப் பார்த்த ஓரத்து அறையில் ஒரு ஜெராக்ஸ் மெஷின், நோட்டுப் புத்தகங்கள், பேனா, பிளாஸ்டிக் கவர். அன்றைக்கு ஒரு பெண் குடும்ப அட்டையை நகலெடுக்க வந்தாள். ஒன்று கேட்டவளுக்கு ஆறு எடுத்துக் கொடுத்தேன். அவள் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

இரண்டு வாரம் தள்ளிப் போட்டேன். அம்மா வற்புறுத்துகிறவள் இல்லை. எண்பதை நெருங்குகிறாள். எதையும் இரண்டாம் முறை கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் இதைக் கேட்டாள். "மறந்துட்டியா, இல்ல மனசு வல்லியா?" என்றாள். அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. ஒரு திங்கட்கிழமை பரணிலிருந்து இறக்கி, சாக்கோடு மடியில் வைத்துக்கொண்டு குன்னூர் பஸ்ஸில் ஏறினேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் எங்கள் பழைய எஸ்டேட்டைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார். ஃபாக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சாக்கின் வாய் விலகி மரப்பெட்டியின் மூலை தெரிந்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங்க, இது உங்கப்பா ரேடியோ தானுங்களே? அடடா. சாயங்காலம் உங்க ஊட்டுல ரேடியோ வெச்சாங்கன்னா ஃபாக்டரி வரைக்கும் பாட்டுக் கேக்குமுங்க. உங்கப்பாவுக்குப் பாட்டுன்னா அவ்வளவு பிரியம். தங்கமான மனுசன்."

நான் தலையாட்டினேன். வெளியே தேயிலைச் செடிகளின் மேல் பனி இறங்கியிருந்தது. அவர் மேற்கொண்டு பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

அப்பா எஸ்டேட்டில் சூப்பர்வைசர். கோயமுத்தூர் பக்கத்திலிருந்து வேலைக்கு மலையேறி வந்தவர். அதிர்ந்து பேச மாட்டார். வேலைக்காரர்களை வாய்க்கு வந்தபடி ஏசாத ஒரே சூப்பர்வைசர் என்று அவருக்குப் பெயர். லீவு கேட்டு வருகிறவர்களுக்குத் துரையிடம் பேசி வாங்கிக் கொடுப்பார். ஊர் திரும்பிய ஒரு துரையிடமிருந்துதான் அந்த ரேடியோவை வாங்கினார். நான் பிறப்பதற்கு முன்பே அது வீட்டுக்கு வந்துவிட்டது. நல்ல கனம். முன்பக்கம் பொன்னிற இழை ஓடிய துணி, அதற்குக் கீழே ஊர்ப் பெயர்கள் எழுதிய கண்ணாடி, நான்கு குமிழ்கள்.

எங்கள் குவார்ட்டர்ஸ் மூன்று வீடுகள் ஒட்டிக் கட்டியது. நடுவில் எங்களுடையது. சுவர் மெல்லிசு. இடதுபக்க வீட்டில் ஒருவர் இருமினால் எங்கள் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டு போய்க் கொடுக்கலாமா என்று தோன்றும். அதனால்தான் அப்பா அம்மாவை அடிப்பதற்கு முன்னால் ரேடியோ வைத்தார்.

இதை இத்தனை வருடத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடமும் இல்லை.

தினமும் இல்லை. மாதத்தில் இரண்டு முறை இருக்கும், மூன்று முறை இருக்கும். குடித்துவிட்டும் இல்லை, அப்பா குடிக்க மாட்டார். எது காரணம் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஃபாக்டரி சங்கு ஊதி, அவர் வீட்டுக்கு வந்து, கம்பளிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, முகம் கழுவிவிட்டு வந்து உட்காருவார். சில நாள் பேப்பரை விரிப்பார். சில நாள் எழுந்து போய் ரேடியோவின் குமிழைத் திருகுவார்.

வால்வு ரேடியோவைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது போட்டவுடன் பாடாது. உள்ளே பல்பு மாதிரி இருக்கிற வால்வுகள் சூடேற வேண்டும். குமிழ் 'டக்' என்று திரும்பும். கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரியும். பிறகு அரை நிமிடத்துக்கும் மேல் ஒன்றும் இருக்காது. அப்புறம்தான் எங்கோ தூரத்தில் ஒரு இரைச்சல் கிளம்பி, அதற்குள்ளிருந்து மெதுவாகக் குரல் வரும்.

அந்த அரை நிமிடம்தான் எனக்கு இன்றும் போகவில்லை. அப்பா ரேடியோவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். திரும்பிப் பார்க்க மாட்டார். அம்மா அடுப்பிலிருந்து சீகை விறகை வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து அணைப்பாள். குழம்புச் சட்டியை இறக்கி மூடுவாள். கைவளையல்களைக் கழற்றி மாடத்தில் வைப்பாள். பிறகு என்னிடம், "கண்ணு, பைப்புல தண்ணி வருதான்னு பாத்துட்டு வா" என்பாள். ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்வாள். மூன்று பேருக்கும் தெரியும், பாட்டு வரப் போகிறது என்று.

நான் குழாயடிக்குப் போய் நிற்பேன். தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். அங்கே நின்றாலும் பாட்டுக் கேட்கும். தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டே குடம் நிரப்புவார்கள். ஒருத்தி கூடவே முணுமுணுப்பாள். பாட்டு நின்ற பிறகு நான் வீட்டுக்குப் போவேன். அம்மா வளையல்களைப் போட்டுக்கொண்டு அடுப்பு ஊதிக்கொண்டிருப்பாள். அடுப்பை ஊதுகிற முகம் எப்போதும் சிவந்துதான் இருக்கும் என்பதால் வித்தியாசம் தெரியாது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு நாள், பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவன், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், உடைந்த குடையின் கம்பி ஒன்றை எடுத்து ரேடியோவின் முன்துணியில் குத்தினேன். உள்ளே காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. மொத்தம் மூன்று குத்து. கம்பியைத் தேயிலைக்குள் தூர எறிந்துவிட்டு வந்து வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தேன்.

அன்று சாயங்காலமே அப்பா எழுந்து போய்க் குமிழைத் திருகினார்.

மஞ்சள் விளக்கு எரிந்தது. அம்மா விறகை இழுத்தாள், சட்டியை மூடினாள், வளையல்களைக் கழற்றினாள். ஆனால் என்னை வெளியே அனுப்பவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அரை நிமிடம் ஆயிற்று. ஒரு நிமிடம் ஆயிற்று. அப்பா சத்தக் குமிழைக் கடைசிவரை திருப்பினார். ஸ்டேஷனை மாற்றினார். பெட்டியின் தலையில் கையால் தட்டினார். ஒன்றும் வரவில்லை. இடதுபக்க வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் துல்லியமாகக் கேட்டது. அப்பா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதோடு முடியவில்லை. அடுத்த வாரம் ஒரு நாள் ரேடியோ இல்லாமலே கையை ஓங்கினார். நான் அறையில்தான் இருந்தேன். முதல் அடிக்கே அம்மா சத்தம் போட்டாள். அத்தனை வருடத்தில் அவள் குரல் அப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப்பக்கம் எல்லாச் சத்தமும் நின்றது. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் அது, இடதுபக்க வீட்டில். அந்த அம்மாள் கையில் ஒரு தம்ளரோடு நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் சீனி இருக்கா?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ச் சர்க்கரை எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மாள் உடனே போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, மழையைப் பற்றி, கொழுந்தின் நிறத்தைப் பற்றி, யார் வீட்டிலோ கோழி காணாமல் போனதைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். அப்பா பேப்பரை விரித்து முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு பல மாதங்கள், சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் அவள் தம்ளரோடு வந்துவிடுவாள். அவர்கள் வீட்டில் அவ்வளவு சீனி என்ன ஆயிற்றோ தெரியாது.

அப்பா மறுபடி கை ஓங்கவில்லை. ரேடியோவைக் குன்னூருக்குக் கொண்டுபோய்ச் சரி பார்க்க வேண்டும் என்று இரண்டொரு முறை சொன்னார். பிறகு சொல்வதையும் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். அந்த இருபது வருடமும் ரேடியோ அதே மேசையில், பாடாமல், தூசு துடைக்கப்பட்டு இருந்தது. அவர் இறந்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோதுதான் சாக்கில் கட்டினோம். தூக்கிப் போட அம்மா சம்மதிக்கவில்லை.

அப்பாவின் அடியை நிறுத்தியது நான்தான் என்று எனக்குள் ஒரு எண்ணம் எப்போதும் உண்டு. வாழ்க்கையில் பெரிதாக எதையும் செய்தவனில்லை நான். ஆனால் பத்து வயதில் ஒரு குடைக் கம்பியால் என் அம்மாவைக் காப்பாற்றினேன் என்று, யாருக்கும் தெரியாமல், நாற்பத்தைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

குன்னூர் மார்க்கெட்டுக்குப் போகிற படிகளின் ஓரம் ஒரு ரிப்பேர் கடை. மிக்ஸி, டி.வி., ரிசார்ட்டுகளில் பாட்டுப் போடுகிற பெரிய ஸ்பீக்கர்கள் எல்லாம் அடுக்கியிருந்தன. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வருசத்துக்கு ரெண்டு மூணு வருமுங்ணா இந்த மாதிரி. செஞ்சு தாரேன், ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்று வாங்கி வைத்தார். ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார். "ஒருக்கா நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்லுங்ணா, என்ன பண்றதுன்னு."

நான் போனபோது ரேடியோவின் பின்பக்க அட்டை கழற்றப்பட்டிருந்தது. ஸ்பீக்கரைத் தனியாக எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார். சோற்றுத் தட்டு அளவுக்கு இரும்பு வளையம், நடுவில் காந்தம், காகிதக் கூம்பு பழுத்துப் பழுப்பேறியிருந்தது.

"உள்ள கெப்பாசிட்டர் எல்லாம் மாத்திட்டேன். வால்வு நல்லா இருக்குது. ஸ்பீக்கர்தான் பாக்கி" என்று அதைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க, மூணு ஓட்டை. எலி கடிச்சிருந்தா ஓரம் கந்தலா இருக்கும். இது முன்னாடியிருந்து எதையோ வெச்சுக் குத்துனது. துணிலயும் அதே எடத்துல மூணு."

நான் அந்த ஓட்டைகளைப் பார்த்தேன். நினைவில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தன.

"அதுலதான் பாடாம நின்னு போச்சுங்களா?" என்றேன்.

அவர் சிரித்தார். "இதுக்கெல்லாம் நிக்காதுங்ணா. கொஞ்சம் கரகரன்னு வரும், அவ்வளவுதான். இந்த ஓட்டையோட இன்னும் அம்பது வருசம் பாடும். நின்னது இதனால." கூம்பின் பின்னாலிருந்து வருகிற, நூல் மாதிரி மெல்லிய இரண்டு கம்பிகளை இடுக்கியால் தூக்கிக் காட்டினார். "ரெண்டும் வெட்டியிருக்குது. அறுந்ததில்ல. அறுந்தா நுனி பிரிஞ்சு இருக்கும். இது கத்திரில நறுக்குனது. பின் அட்டையத் தெறந்து, ஸ்பீக்கருக்குப் போற வயர நறுக்கியிருக்காங்க."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் கத்திரி பிடித்த கை அம்மாவுடையது ஒன்றுதான். எனக்கு முதலில் வந்தது அம்மாவைப் பற்றிய நினைப்பு இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்னுடையது என்று நான் வைத்திருந்த ஒரே காரியம் என்னுடையது இல்லை என்பதுதான் முதலில் வந்தது.

"இன்னொண்ணுங்ணா" என்றார் அவர். "இந்த நுனியப் பாருங்க. வெட்டுன ஒவ்வொரு நுனிக்கும் தனித்தனியா டேப் சுத்தியிருக்குது. ஒண்ணுல நான் பிரிச்சுட்டேன், இது இன்னும் அப்படியே இருக்கு. வெட்டுன ஆளு இதச் சுத்தியிருக்க மாட்டாங்க. அவங்களுக்கு வேலை தெரியல, கண்ட எடத்துல வெட்டியிருக்காங்க. சுத்துன ஆளுக்கு வேலை தெரியும். ரெண்டு வயரையும் அதது நுனியோட சேத்து முறுக்கியிருந்தா அன்னைக்கே பாடியிருக்கும். அதச் செய்யாம, ஒண்ணோட ஒண்ணு பட்டுறக் கூடாதுன்னு பொத்தி வெச்சு, அட்டைய மூடியிருக்காரு. எதுக்குன்னு எனக்குப் புரியலீங்ணா."

கறுப்புத் துணி டேப். கெட்டியாகிக் கல் மாதிரி ஆகியிருந்தது. முடிகிற இடத்தில் நுனியை ஒரு கடுகளவு உள்ளே மடித்து ஒட்டியிருந்தது, பின்னால் பிரிக்கச் சுலபமாக. என் அப்பா டார்ச் லைட்டுக்கு, குடைப்பிடிக்கு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் கைப்பிடிக்கு, எதற்கு டேப் சுற்றினாலும் நுனியை அப்படித்தான் மடிப்பார். வேறு யாரும் அப்படி மடித்து நான் பார்த்ததில்லை.

"பழைய ஸ்பீக்கரையே சரி பண்ணலாமுங்ணா" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஓட்டைக்கு மெல்லிசு பேப்பர் ஒட்டி, வயரச் சேத்துட்டா அதே கொரல் வரும். இல்லீன்னா இன்னொரு பழைய செட்டுல கழட்டுன ஸ்பீக்கர் ஒண்ணு இருக்குது, அளவு சரியா ஒக்காரும். ஆனா சத்தம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். சில பேரு அதே கொரல்தான் வேணுமும்பாங்க."

"மாத்திருங்க" என்றேன். "அந்தக் கொரல் வேண்டாம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மாற்று ஸ்பீக்கரை எடுக்க எழுந்தார்.

இரண்டு நாள் கழித்து வாங்கப் போனேன். பாடுகிறதா என்று போட்டுக் காட்டுகிறேன் என்று குமிழில் கை வைத்தார். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் படியிறங்கிவிட்டேன். திரும்பி வந்தபோது அது பாடிக்கொண்டிருந்தது. மலையாளத்தில் யாரோ செய்தி வாசித்தார்கள். குரல் கனமில்லாமல், கொஞ்சம் மூக்கால் பேசுவது போல இருந்தது. உண்மையிலேயே வேறு குரல்தான்.

வீட்டுக்கு வந்து அலமாரியில் வைத்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். கடையை மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வந்து பெட்டியின் முன்னால் நிற்காமல், பக்கவாட்டில் போய்ப் பின் அட்டையைப் பார்த்தாள்.

"ஸ்பீக்கர் மாத்தியாச்சும்மா" என்றேன். "பழசுல வயரக் கத்திரிச்சிருந்துச்சாம்."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாந்தான்" என்றாள். "நீ பள்ளிக்கூடம் போயிருந்த. மத்தியானம் கரண்டு போச்சு. கரண்டு இல்லாதப்பத் தொட்டா ஒண்ணும் பண்ணாதுன்னு அவரு சொல்லிக் கேட்டிருக்கறேன். கத்தி மொனையில திருகாணியக் கழட்டி, ஜாக்கெட்டு தெக்கிற கத்திரில வெட்டிட்டேன். பாட்டு எதுல வரும்னு தெரியாது. சும்மா, அந்த வட்டத்துக்குப் போற கம்பிதான் இருக்கும்னு நெனச்சேன்."

"நானும் அன்னைக்குத்தான் குத்துனேன்."

"தெரியும். சாயங்காலம் துணியில ஓட்டையப் பாத்தேன். கேட்டாருன்னா எலின்னு சொல்லலாம்னு இருந்தேன்."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

 கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. டேப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்திருந்தேன். ஆனால் அம்மாவின் முகத்தில் ஏதோ இறக்கி வைத்த நிம்மதி தெரிந்தது. அதில் பாதி பொய்யாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"வெட்டுன நுனியில டேப் சுத்தியிருந்துச்சும்மா. அது நீயா?"

"டேப்பா? நானெதுக்குச் சுத்தறேன்? வெட்டி, மூடி, திருகாணி போட்டேன். அவ்வளவுதான்."

"நுனிய உள்ள மடிச்சு ஒட்டியிருந்துச்சு."

அம்மாவின் கை முந்தானை நுனியைப் பிடித்தபடி நின்றுவிட்டது.  கணக்குப் போடுகிறவள் மாதிரி உதடு மட்டும் அசைந்தது.

"வெட்டுனதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை நானும் நீயும் சந்தைக்குப் போயிருந்தோம்" என்றாள் கடைசியில். "அவரு வல்ல. தலவலின்னாரு. திரும்பி வந்தப்ப ரேடியோ மேல போட்டிருந்த துணி மடிப்பு மாறியிருந்துச்சு. தூசி தட்டியிருப்பாருன்னு நெனச்சேன்."

"இருக்கும்மா."

"நாளு முச்சூடும் பயந்தேன் கண்ணு. இன்னைக்குத் தெறப்பாரு, நாளைக்குத் தெறப்பாருன்னு. யாராச்சும் ரிப்பேர்காரங்க ஊட்டுக்கு வந்தா எனக்குச் சோறு எறங்காது. அவரு படுத்த படுக்கையா இருக்கறப்பக்கூட, எதையோ சொல்லக் கூப்பிட்டாருன்னா, இதத்தான் கேக்கப் போறாருன்னு பயந்துட்டே பக்கத்துல போவேன். கட்டையில எடுத்துட்டுப் போற வரைக்கும் பயந்தேன்." நிறுத்தி, ரேடியோவைப் பார்த்தாள். "அவரு மொத வாரத்துலயே பாத்து முடிச்சிட்டாரு."

அவள் அழவில்லை.  அந்த இருபது வருடமும் நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சாப்பிட்டோம், தூங்கினோம், என் கல்யாணப் பேச்சைப் பேசினோம். கம்பியை வெட்டியது யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சேர்த்து முறுக்க ஒரு நிமிடம் போதும். செய்யவில்லை. செய்யாமல் விட்டது வருத்தத்திலா, வெட்கத்திலா, அல்லது என்றைக்காவது பிரித்துக்கொள்ளலாம் என்றா? நுனியை மடித்து ஒட்டியிருந்தது என் கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்தச் சந்தேகத்தை அம்மாவிடம் சொல்லவில்லை.

"இப்ப எதுக்கும்மா இதச் சரி பண்ணச் சொன்ன?" என்று கேட்டேன்.

"பாட்டு எனக்குப் புடிக்கும்" என்றாள். "அவரு வேல முடிஞ்சு வர்றதுக்கு முந்தி, கல்யாணமான புதுசுல, நான் தனியா இருக்கறப்ப வெச்சுக் கேப்பேன். பொறவு கேக்க முடியல. காதுல விழும், மனசுல நிக்காது. ஒரு பாட்டையாச்சும் முழுசாக் கேக்கோணும்னு இருந்துச்சு. போடு."

நான் குமிழைத் திருகினேன். 'டக்' என்றது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

ஒன்றும் வரவில்லை. சூடாக வேண்டும் என்று எனக்குத் தெரியும். கடைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். என்றாலும் என் கால்கள் தாமாகவே வாசல் பக்கம் திரும்பின. நான் அவற்றைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றிருந்தாள். இடது கை வலது மணிக்கட்டில் இருந்த வளையலைப் பற்றியிருந்தது. கழற்றவில்லை. பற்றியபடியே நின்றாள். அவளுக்கே அது தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

இரைச்சல் கிளம்பியது. அதிலிருந்து ஒரு ஆண் குரல் மெல்ல மேலே வந்து, தக்காளிச் செடியில் இலை சுருண்டால் என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கியது. அம்மா மூச்சை விட்டாள். திரும்பவும் உட்கார்ந்தாள். தக்காளி முடிந்து கத்தரி வந்தது. நாங்கள் இருவரும் அதையும் கேட்டோம். பிறகு ஒரு பழைய பாட்டுப் போட்டார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது சரணம் ஆரம்பிக்கும்போது கரண்டு போய்விட்டது.

"நாளைக்குக் கேட்டுக்கலாம்" என்றாள் அம்மா. லேசாகச் சிரித்தாள்.

இப்போது அவள் தினமும் கேட்கிறாள். பல பாட்டுகளை முழுசாகக் கேட்டிருப்பாள். எனக்குத்தான் அது போடுகிற நேரத்தில் அறைக்குள் இருக்க முடிவதில்லை. ஏதாவது சாக்குச் சொல்லிக் கடைப் பக்கம் போய்விடுவேன். மனைவி ஒரு நாள், "ரேடியோ வெச்சா மட்டும் ஏனுங்க எந்திரிச்சுப் போறீங்க?" என்று கேட்டாள். அன்று சாயங்காலம் அவளை அழைத்துக்கொண்டு ரோட்டோரம் நடந்து, எல்லாவற்றையும் சொன்னேன். வீடு வரைக்கும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மறுநாள் ரேடியோவை முன்னறையிலிருந்து எடுத்து அம்மாவின் அறையில் வைத்துவிட்டாள். விருந்தினர் பார்க்க வேண்டிய பொருளாக அது அவளுக்குப் படவில்லை.

சென்ற மாதம் கோத்தகிரிக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸை விட்டிறங்கி, தேயிலைக்கு நடுவே வீட்டுக்குக் குறுக்கே போகிற ஒற்றையடிப் பாதையில் பாதி தூரம் வந்தபோது பாட்டுக் கேட்டது. முழுச் சத்தம். மூடுபனிக்குள் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஐம்பத்தைந்து வயதில் ஈரப் பாதையில் அப்படி ஓடக்கூடாது. இரண்டு இடத்தில் சறுக்கி விழுந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு அம்மாவின் அறைக்குள் போனேன்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து முறத்தில் பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். என் முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தாள்.

"என்ன கண்ணு, விழுந்துட்டியா?" என்று கேட்டாள். பாட்டுச் சத்தத்தில் அவள் வாயசைவுதான் தெரிந்தது.

"ஏம்மா இவ்வளவு சத்தமா வெச்சிருக்க?" என்று கத்தினேன்.

"காது கேக்க மாட்டேங்குது. நாலஞ்சு நாளாவே இப்படித்தான்" என்று அவளும் கத்தினாள்.

குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.  கட்டிலின் மறுகோடியில், முறத்துக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்தேன். அம்மா ஒரு கை பீன்ஸை அள்ளி என் பக்கம் வைத்தாள். அடுத்த பாட்டு ஆரம்பித்தது. நான் எழுந்து போகவில்லை. அது முடிகிறவரை உரித்துக்கொண்டிருந்தேன். காது டாக்டரிடம் அவளை வருகிற வாரம் கூட்டிப்போக வேண்டும்.